டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது

புஷ்பவல்லி டீச்சருக்குக் காக்கை எது, கோழி எது என்று தெரியாது. கத்திரிக்காயைக் காட்டினால் பூசணிக்காய் என்பார். ஒற்றைக் காலில் நின்று காட்டுங்கள் என்றால் தொப்பென்று உட்கார்ந்துவிடுவார். வேப்பந்தட்டைக்கு மேற்கே, பச்சைமலையைப் பார்த்தபடி இருக்கிற ஒரு சிற்றூரின் அங்கன்வாடியில் இப்படிப்பட்ட ஒருவர் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறார் என்றால், பிள்ளையை அனுப்புகிறவர்களுக்கு வயிறு எரியுமா எரியாதா?

எரிந்தது. அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னால் டீச்சரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

ஊர் அவரைப் பால்வாடி டீச்சர் என்றுதான் சொல்லும். வயது நாற்பத்தேழு. பிறந்தது திருமழபாடி, கொள்ளிடக் கரை. ஆற்றுத் தண்ணீரில் குளித்து வளர்ந்த பெண்ணை, மக்காச்சோளமும் பருத்தியும் வானத்தைப் பார்த்து நிற்கிற இந்தப் பக்கம் கொண்டுவந்து கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வந்த புதிதில், 'இந்த ஊருக்கு ஆறு எந்தப் பக்கம்?' என்று கேட்டாராம். அவர் கணவர் அரங்கநாதன் இருபத்தாறு வருடமாக இதைச் சொல்லிச் சிரிக்கிறார். அரங்கநாதனுக்கு வேப்பந்தட்டையில் டூவீலர் பட்டறை. ஊரில் இருக்கிற வண்டியையெல்லாம் அன்றைக்கே சரிசெய்து தருகிற மனிதர், பெண்டாட்டியின் ஸ்கூட்டரை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்பார். அதனால் காலை எட்டரைக்கு அந்த ஸ்கூட்டர் இருமுகிற சத்தம் கேட்டுத்தான் தெருப் பிள்ளைகள் பால்வாடிக்குக் கிளம்பும்.

ஓர் அறை, ஓர் அடுப்படி, வாசலில் ஒரு புங்க மரம், பதினாலு பிள்ளைகள். சமைக்கிறவர் ஆண்டாயி. டீச்சரைவிட மூன்று வயது மூத்தவர், வாயோ முப்பது வயது மூத்தது. சத்துமாவு வாங்க வருகிற தாய்மார்களின் முகத்தை டீச்சர் செல்போனில் படம் பிடிக்க வேண்டும். போன் அந்த முகத்தை ஒத்துக்கொண்டால்தான் மாவு. சில நாள் ஒத்துக்கொள்ளாது. அப்போது ஆண்டாயி, "நேத்து பவுடர் போட்டுக்கிட்டு எடுத்தியா, இன்னிக்குப் போடலியா? போயி போட்டுக்கிட்டு வா புள்ள," என்று அனுப்பிவைப்பார். வேடிக்கை என்னவென்றால், பவுடர் போட்டுக்கொண்டு வந்தால் சில சமயம் ஒத்துக்கொள்ளும்.

இனி அந்தத் தெரியாத சமாச்சாரம்.

டீச்சர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். காய்ச்சல் உடம்போடு படம் காட்டிக்கொண்டிருந்தவர், ஆட்டுப் படத்தைத் தூக்கிப் பிடித்து, "இந்த மாடு பாருங்க, மே மேன்னு கத்துது," என்று சொல்லிவிட்டார். ராஜராஜன் என்று ஒரு பையன். சேர்ந்து இரண்டு மாதம், 'உன் பேர் என்ன?' என்று கேட்டதற்குக்கூட வாய் திறக்காதவன். துள்ளி எழுந்து, "மாடு இல்ல, ஆடு!" என்று கத்தினான். கத்தியதோடு நிற்கவில்லை. மாட்டுக்கு வால் பெரிசு, ஆட்டுக்குத் தாடி உண்டு, எங்கள் வீட்டு ஆட்டுக்கு இரண்டு குட்டி என்று கொட்டித் தீர்த்துவிட்டான்.

டீச்சருக்குக் காய்ச்சலிலும் ஒன்று விளங்கிவிட்டது. 'இது என்ன?' என்று கேட்டால், சின்னப் பிள்ளை போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி நிற்கும். நாம் தப்பாகச் சொன்னால் அதனால் பொறுக்கவே முடியாது. பிள்ளை மட்டுமா, பெரியவர்களே அப்படித்தானே?

அன்றிலிருந்து டீச்சர் முட்டாளானார். அதற்கென்று சில விதிகளை அவரே வைத்துக்கொண்டார். சிரிக்கக் கூடாது. பிள்ளை திருத்தினால் உடனே ஒத்துக்கொள்ளவும் கூடாது. "அப்படியா? நேத்து யாரோ மாடுன்னு சொன்னாங்களே?" என்று இழுக்க வேண்டும். அப்போதுதான் பிள்ளை காரணம் தேடும், வார்த்தை தேடும், வாக்கியம் கட்டும். ராஜராஜன் இன்றைக்கு மினி பஸ் கண்டக்டர். டீச்சரை எங்கே பார்த்தாலும், "டீச்சர், இது பஸ்ஸு, லாரி இல்ல. ஏறுங்க," என்பான்.

முட்டாள் வேடம் போட்டாலும் டீச்சர் வேலையில் படு கறார். எந்த வயதில் பிள்ளை என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மதிப்பீட்டு அட்டை உண்டு. மூன்று வயது முடிந்தால் ஒற்றைக் காலில் சற்று நிற்க வேண்டும், பாசிமணி கோக்க வேண்டும், பெரிது சிறிது பிரிக்க வேண்டும், நிறம் சொல்ல வேண்டும், மூன்று நான்கு வார்த்தை சேர்த்துப் பேச வேண்டும். பல பேர் மாதக் கடைசியில் ஒரே மூச்சில் டிக் அடித்துத் தள்ளுகிற அட்டை அது. டீச்சர் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து, கண்ணால் கண்டால் மட்டுமே டிக் போடுவார். பொம்மை பற்றாவிட்டால் கவலைப்பட மாட்டார். வெங்காயக் காட்டு ஊரில் பெரிது சிறிது பிரிக்கச் சாமானா கிடைக்காது? ஆண்டாயியின் கூடையைக் கவிழ்த்தால் அன்றைய பாடம் தயார்.

அபிநயாவின் அட்டையில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது.

போன ஜூலையில் சேர்ந்த பிள்ளை. அப்பா சக்தி, ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஃபேக்டரியில் காண்ட்ராக்ட் வேலை. நாலு பேரோடு அங்கேயே அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போகிறவர். அம்மா சத்யா விடிந்ததும் வெங்காயம் அறுக்க லோடு ஆட்டோவில் ஏறிவிடுவாள். அபிநயா ஒற்றைக் காலில் நிற்பதில் எல்லாரையும் விடக் கெட்டி. பாசி கோத்தால் ஒன்று சிந்தாது. ஆனால் பேச்சு? வீட்டில் 'தண்ணி', 'வேணாம்', 'வா'. அவ்வளவுதான். பால்வாடியில் அதுவும் இல்லை. டீச்சரே சத்யாவைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூர் போய்க் காது பார்த்துவிட்டு வந்தார். காது நன்றாக இருந்தது. நிறையப் பேச்சுக் கொடுங்கள், ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கூட்டி வாருங்கள் என்றார் டாக்டர்.

பேச்சுக் கொடுப்பதற்கு டீச்சருக்குச் சொல்லித் தரவா வேண்டும்! ஜூலையிலிருந்து மார்ச் வரை அபிநயாவின் முன்னால் அவர் சொல்லாத தப்பில்லை. பிள்ளை உற்றுப் பார்க்கும், ஒன்றும் சொல்லாது. ஒருநாள் டீச்சர் பெரிய வெங்காயத்தைச் சின்னது என்று சொல்லித் தப்பான கூடையில் போட, அபிநயா எழுந்து வந்து அதை எடுத்துச் சரியான கூடையில் போட்டுவிட்டு, டீச்சரை ஒரு பார்வை பார்த்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் டீச்சர் அரங்கநாதனிடம், "அது என்னையத் திட்டுச்சுங்க, கண்ணாலயே திட்டுச்சு," என்று சந்தோஷமாகச் சொன்னார். திட்டு வாங்கிவிட்டுச் சந்தோஷப்படுகிற பெண்டாட்டியை அவர் எத்தனை வருடமாகப் பார்க்கிறார்!

மார்ச் கடைசியில் மேற்பார்வையாளர் பானுப்ரியா வந்தாள். வயதில் சின்னவள், நல்ல மாதிரி. அட்டைகளைப் புரட்டிக்கொண்டே வந்தவள் அபிநயாவின் அட்டையில் நின்றாள்.

"ஒரு கட்டம்தானே டீச்சர் பாக்கி? போட்டுடுங்களேன். நாலு வயசு ஆனா தானா பேசிடப் போவுது."

"பசிக்குற புள்ளைக்குச் சாப்டாச்சுன்னு எழுதிட்டா வயிறு நெறைஞ்சிடுமாம்மா?"

பானுப்ரியா சிரித்துவிட்டாள். "சரி டீச்சர், நான் ஒண்ணும் கேக்கல. நீங்க பாத்தே போடுங்க."

அட்டையில் ஒரு கட்டம் காலியாக இருப்பதால் டீச்சருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அவருடைய பயம் வேறு. சத்யா அதற்கு முந்தின வாரம்தான் வந்து தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"ஜூன்ல டவுன்ல இங்கிலீஷ் ஸ்கூல்ல போட்டுடலாம்னு அவரு சொல்லுறாருங்க டீச்சர். வேன் வூட்டு வாசலுக்கே வருதாம். அங்க கண்டிச்சு உக்கார வச்சா தானா பேசிடும்னு சொல்லுறாரு."

"அஞ்சுல வளையாதது அம்பதுல வளையாதுன்னு சொன்னாலும் சொன்னாங்க, எல்லாரும் மூணுலயே வந்து வளைக்கப் பாக்குறீங்க. மே மாசம் வரைக்கும் பொறு சத்யா. அது உள்ளுக்குள்ள பேசிக்கிட்டுத்தான் இருக்கு. எனக்குத் தெரியுது."

சத்யா தலையாட்டினாள். ஆனால் முடிவு அவள் கையில் இல்லை. டீச்சருக்கு அந்த மாதிரிப் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று தெரியும். நாற்பது பிள்ளைகள் வரிசையாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அங்கே பேசாத பிள்ளையைப் பார்த்து யாரும் கவலைப்பட மாட்டார்கள். நல்ல பிள்ளை என்று தட்டிக் கொடுப்பார்கள். அபிநயா நல்ல பிள்ளை ஆகிவிடுவாளே என்பதுதான் டீச்சருக்குப் பயம்.

இந்த நேரம் பார்த்துத்தானா ஊர் கிளம்ப வேண்டும்? கிளப்பிவிட்டவன் கோகுலகிருஷ்ணன். நாலு வயது. வாய்க்கு ஓய்வே கிடையாது. அவன் வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்: "டீச்சருக்கு பச்சை கலர் எதுன்னே தெரியலம்மா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்." அவன் அம்மா இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள், டீச்சரின் வித்தை தெரியாதவள். தண்ணீர்க் குழாயடியில் பற்றவைத்தாள், ரேஷன் கடை வரிசையில் எரிந்தது. பச்சை தெரியாத டீச்சரா? எண்ணவும் தெரியாதாமே? இதையெல்லாம் யார் வேலைக்கு வைத்தது? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆண்டாயிக்கு மனசு ஆறவில்லை. "அம்மாமாருங்கள ஒருநா கூப்புட்டு, இது சும்மா வெளையாட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன டீச்சர்? தலையா போயிடும்?"

"சொன்னா அன்னிக்கே புள்ளைங்ககிட்ட, 'டீச்சர் சும்மா நடிக்கிறாங்கடா'ன்னு சொல்லிடுவாங்கக்கா. மறுநா எந்தப் புள்ள வந்து என்னைத் திருத்தும்? மத்ததுங்கள விடு. அபிநயா இருக்குல்ல, அது இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்குது. இப்பப் போயி நான் புத்திசாலி ஆவணுமா?"

"அதுக்காவ ஊரு பூரா மக்குன்னு பேரு வாங்கணுமாக்கும்."

"வாங்கிட்டுப் போறேன், போ."

சொல்லிவிட்டாரே தவிர, அடுத்த நாள் ரேஷன் கடையில் இரண்டு பெண்கள் அவரைப் பார்த்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தபோது டீச்சருக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அவரும் மனுஷிதானே.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆண்டாயி வாசல் பக்கமாக அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு பைக் வந்து நின்றது. என்ஜினைக்கூட அணைக்காமல் சக்தி இறங்கினார். ரெட்டிபாளையத்துக்குக் கிளம்புகிற கோலம், மேலே ஃபேக்டரியின் நீலச் சட்டை. முன்னால் உட்கார்ந்திருந்த அபிநயாவைத் தூக்கிக் கீழே விட்டார். ஊர்ப் பேச்சு அவர் காதுக்கு ஞாயிற்றுக்கிழமையே போயிருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது.

"என்னதாங்க நடக்குது இங்க? நான் அங்க சிமெண்ட் தூசியத் தின்னுக்கிட்டுக் கெடக்குறது எதுக்கு? எம் பொண்ணு நாலு எழுத்து படிக்கணும்னுதானே?"

"உள்ள வாங்க தம்பி," என்றார் டீச்சர்.

"உள்ளல்லாம் வரல. ஊரே பேசுது, நான் நம்பல. அவ அம்மா வேலைக்குப் போயிட்டா, நான்தான் இன்னிக்குக் காலையில இதுக்கு கவுனு போட்டு விட்டேன். எம் பொண்ணே சொல்லுது!"

டீச்சர் கையிலிருந்த படம் நழுவியது. "யாரு சொன்னா?"

"எம் பொண்ணுதான்!"

"அபிநயாவா? என்னன்னு சொன்னா?"

"'டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான் சொல்லித் தரேன்'னு சொல்லுது. மூணு வயசுப் புள்ள சொல்லுது!"

ஆண்டாயியின் அரிவாள்மணை சத்தம் நின்றுவிட்டது. டீச்சர் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு விரல் மடக்கினார். டீச்சருக்கு, ஒண்ணும், தெரியாது. இதுவே போதும், கட்டம் நிறைந்துவிட்டது. நான்தான், சொல்லி, தரேன். ஆறு! அரசாங்கம் கேட்டது மூன்றோ நான்கோ. டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பத்தொன்பது வருடத்தில் யாரும் அவரைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

"அப்படியேவா சொன்னா? 'நான்தான்'னா சொன்னா?"

"சிரிக்குறீங்களா?" சக்திக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. கோபத்தில் இருக்கிறவனுக்குக் காது பாதிதான் கேட்கும். மகள் என்ன சொன்னாள் என்பது கேட்டிருந்தது, மகள் சொன்னாள் என்பது கேட்கவில்லை. குனிந்து ஆண்டாயியின் கூடையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து டீச்சரின் முகத்துக்கு நேரே நீட்டினார். "இது என்ன கலரு? சொல்லுங்க பாப்போம். எல்லாப் புள்ளைங்க முன்னாடியும் சொல்லுங்க."

பதிமூன்று பிள்ளைகளும் தக்காளியைப் பார்த்தார்கள், டீச்சரைப் பார்த்தார்கள். எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் படியில் வந்து நின்றுகொண்டார்கள். அபிநயா பைக்கை ஒட்டி, விரலை வாயில் வைத்தபடி நின்றாள்.

சிவப்பு என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் சக்தி சமாதானமாகிவிடுவார், குழாயடி அடங்கிவிடும், ரேஷன் கடையில் தலை நிமிர்ந்து நிற்கலாம். டீச்சருக்குக் கன்னம் சூடேறியது. ஆசைதான். அந்த ஒரு நொடி அவருக்கு அறிவாளியாக இருக்க அவ்வளவு ஆசையாக இருந்தது.

தக்காளியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது… நீலம்தானே தம்பி?"

கோகுலகிருஷ்ணன் வாயைத் திறந்தான். ஆண்டாயி எட்டி, தக்காளிச் சாறு வழிகிற உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்தினார். மற்றப் பிள்ளைகளை ஒரு முறை முறைத்தார். பைக் மட்டும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அபிநயா வாயிலிருந்து விரலை எடுத்தாள். அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"பாத்தியாப்பா? நான் சொன்னேன்ல? டீச்சருக்குத் தெரியாது." பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, கொஞ்சம் அலுப்போடு, "தக்காளி செவப்பு டீச்சர்," என்றாள்.

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் விதி விதிதான். "அப்படியா? நேத்து யாரோ நீலம்னு சொன்னாங்களே?"

"இல்ல. நீலம் எங்கப்பா சட்ட. இது செவப்பு."

சக்தி தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். ரெட்டிபாளையம் அறையிலிருந்து தினமும் சாயங்காலம் போன் போட்டு, 'அப்பான்னு சொல்லு சாமி, ஒரு தடவ சொல்லு' என்று கெஞ்சுகிற மனிதர் அவர். அந்தப் பக்கம் மூச்சுக் காற்று மட்டும் கேட்கும். சத்யா போனை வாங்கி, தூக்கக் கலக்கம் என்று ஏதாவது சொல்லுவாள். இப்போது பைக் சத்தத்தில் ஒரு வார்த்தைகூட விட்டுப்போய்விடக் கூடாது என்பது போல அவர் போய் என்ஜினை அணைத்தார். திரும்பி வந்து, வேலைக்குப் போகிற பேன்ட்டோடு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"டீச்சர்," என்றார். "இது… நீங்க வேணுமின்னே…"

டீச்சர் பிள்ளைகளுக்குத் தெரியாமல் கண்ணைக் காட்டினார். சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிற கண். சக்தி பிள்ளைகளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், ஆண்டாயியின் கைக்குப் பின்னால் துடிக்கிற கோகுலகிருஷ்ணனைப் பார்த்தார். மெல்ல மெல்ல அவருக்கு எல்லாம் விளங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, படியில் நின்ற எதிர்வீட்டுப் பெண்களுக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஏன் டீச்சர், உங்களுக்கு வேற என்னென்னல்லாம் தெரியாது?"

"ஒண்ணா ரெண்டா தம்பி? எண்ணத் தெரியாது. மழ எங்கேருந்து வருதுன்னு தெரியாது. எறும்புக்கு எத்தன காலுன்னு தெரியாது. ஜூன்ல ஆரம்பிச்சு இன்னும் ஒரு வருசம் யாராச்சும் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தாத்தான் உண்டு."

சக்தி பதில் சொல்ல வாய் திறந்தார். அதற்கு இடம் வைக்காமல் அபிநயா போய் டீச்சரின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நீ வேலைக்குப் போப்பா," என்றாள். "டீச்சர நான் பாத்துக்குறேன்."